மாமா வாங்கிய மீன்கண்

மாமா மீன்கண் ஒன்று வாங்கியிருக்கிறார் என்று அம்மா சொன்னபோது, நான் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பலேர்மோவில் கபோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். சந்தையில் ஐஸின் மேல் கிடத்தியிருக்கும் வாள்மீனின் கண் என் உள்ளங்கையளவு இருக்கும். அதைத்தான் மாமா வாங்கியிருக்கிறார், அதிலே ஏதோ குழம்பு வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பெட்டிக்குள் முதல்நாள் சொதியும் அரைவாசி வெட்டிய தக்காளியும்தான் இருந்தன.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். எங்கள் வீட்டு முன்னறைச் சோபாவில் படுத்தார். மிச்ச நேரமெல்லாம் படம் எடுத்தார். எங்கடை ஆட்களின் பிறந்தநாள், சாமத்திய வீடு, கோயில் பூசை எதுவென்றாலும் கழுத்தில் கமராவோடு அவர் நிற்பார். அன்று பழைய சாமான் சந்தையில் இருந்து வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், துணியில் சுற்றியிருந்த ஒரு பொருளை மேசையில் வைத்து அவிழ்த்தார். கறுப்பு உருளை ஒன்று, கமராவின் முன்னால் பூட்டுகிற லென்ஸ். அதன் முன்பக்கக் கண்ணாடி தட்டையாக இல்லாமல், உருண்டையாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது.

“மீன் தண்ணிக்குள்ளை இருந்து மேலை பாக்கிற மாதிரித்தான் பிள்ளை இது. இந்தப் பக்கச் சுவரும் படத்திலை விழும், அந்தப் பக்கச் சுவரும் விழும், நிலமும் விழும், கூரையும் விழும்” என்றார்.

“மீன் என்னத்துக்குக் கூரையைப் பாக்கோணும்?” என்று அம்மா கேட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் எதுவும் நேராக இருக்கவில்லை. கட்டடத்தின் படிக்கட்டைக் கீழே படுத்திருந்து எடுத்தார். அது நத்தை ஓடு போலச் சுருண்டு விழுந்தது. வியா மக்வேதாத் தெருவின் பல்கனிகளை எடுத்தார். அவை வாழைப்பழச் சீப்புப் போல வளைந்தன. அப்பா சோபாவில் வாயைத் திறந்து நித்திரை கொண்டதை எடுத்தார். அதில் அப்பாவின் மூக்கு எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கமராவுக்குள்ளால் பார்க்கவிடுவார். கிட்ட வந்தால் பெருக்கும், எட்டப் போனால் சட்டென்று சிறுக்கும், விளிம்புக்குப் போனால் வளையும். நான் கையை நீட்டி நீட்டி அதை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று பார்ப்பேன்.

அந்த உற்சாகத்தில், ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் விழாவை முழுக்க முழுக்க அந்த லென்ஸாலேயே எடுத்துவிட்டார். கேக் பூசணிக்காய் போல விழுந்திருந்தது, அதற்குப் பின்னால் பிள்ளையின் தகப்பன் குண்டூசி போல நின்றார். அந்த மனிசன் படங்களைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் போட்டுவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

“ஆக்களை வடிவாக் காட்டத்தானேடா படம் எடுக்கிறது” என்று அம்மா ஏசினார். “உது சவர்க்கார நுரைக்குள்ளை பிடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு.”

“சின்னக்கா, இதிலை ஒருத்தரும் வெட்டுப்பட மாட்டினம். அதைப் பாருங்கோ” என்றார் மாமா. அம்மா பார்க்கவில்லை.

அந்த நேரம் அம்மாவும் பெரியம்மாவும் கதைப்பதில்லை. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு விஷயமாகிவிட்டது. கதவருகே கிடக்கும் மேசையின் முனையில் இடிபடாமல் விலகி நடப்பதுபோல அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

பெரியம்மாதான் முதலில் இத்தாலிக்கு வந்தவர். பிறகு அம்மாவையும், அதற்குப் பிறகு மாமாவையும் இங்கே எடுத்தவர். கனகாலமாக, நாங்கள் சிஞ்ஞோரா என்று சொல்லும் ஒரு வயதான இத்தாலியக்காரியின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அம்மப்பா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, அவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தான் திரும்பி வரும்வரை அந்த வீட்டு வேலையைச் செய்யச் சொல்லி அம்மாவை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா, எனக்கு உன் தங்கச்சியின் கை பழகிவிட்டது, அவளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்த மாதம்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தம் ஒன்று வேண்டும். அம்மா சரி என்றார்.

“நான் காட்டின கதவாலை என்னையே வெளியிலை விட்டிட்டாள்” என்று பெரியம்மா யாரிடமோ சொல்லியிருக்கிறார். “நான் கேட்டு எடுக்கேல்லை” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வார். பெரியம்மாவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் கதை நின்றது நின்றதுதான். எனக்கு இதில் விளங்கியது ஒன்றே ஒன்று. பெரியம்மாவின் மகளான அக்கா இனி எங்கள் வீட்டில் வந்து தங்கமாட்டா. தமிழ் வகுப்பில் கண்டால் மட்டும் கதைக்கலாம்.

இது எதுவும் அம்மப்பாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை இருந்தது. ஊரில் இருந்து தொலைபேசி வந்தால், “ஓம் ஐயா, அக்கா இப்பதான் வந்திட்டுப் போறா” என்பார் அம்மா. பெரியம்மா வீட்டில், “தங்கச்சி குசினிக்குள்ளை நிக்கிறாள் ஐயா, கை ஈரம்” என்று சொல்வாராம். அக்கா எனக்குச் சொன்னா. நாங்கள் இரண்டு பேரும் அதை நினைத்துச் சிரித்தோம்.

அப்படியிருக்கும்போதுதான் பெரியம்மா குடும்பம் லண்டனுக்குப் போவதென்று முடிவானது. பெரியப்பாவின் தம்பி அங்கே இருந்தார். ஒரு பழைய வான் வண்டியில் சாமானெல்லாம் ஏற்றி, ஜெனோவாவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து தரைவழியாகப் போகிற திட்டம். அப்பா ஒருநாள் பல்கனியில் நின்று மாமாவிடம், “இப்பிடியே போச்சினமெண்டால் பிறகு ஆர் ஆரைத் தேடிப் போறது?” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. மாமா கமராவின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மப்பாவே வழி செய்தார். பயணத்துக்கு முதல் கிழமை மாமாவின் தொலைபேசிக்கு எடுத்து, “நீங்கள் மூண்டு பேரும் ஒண்டா நிண்ட படம் ஒண்டு அனுப்பு தம்பி. அவள் போனால் பிறகு எப்ப ஒண்டா நிப்பியளோ” என்றார். மாமா உடனே ஒலிபெருக்கியைப் போட்டார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையோடு அப்படியே நின்றார். பெரியம்மா வீட்டுக்கும் மாமா இதே செய்தியைக் கொண்டு ஓடினார். தகப்பன் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்ல இரண்டு பேராலும் முடியவில்லை. எங்கே எடுப்பது என்பதில்தான் சிக்கல். அம்மா அங்கே போகமாட்டார். பெரியம்மா இங்கே வரமாட்டார். “அப்ப தெருவிலை எடுப்பம். தெரு ஒருத்தற்றையும் இல்லைத்தானே” என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மூலைச் சந்தியில் கூடினோம். வியா மக்வேதாவும் மற்றப் பெரிய தெருவும் குறுக்கே சந்திக்கிற இடம் அது. இத்தாலிக்காரர் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நாலு மூலைதான். நான்கு பக்கமும் நான்கு கட்டடங்கள் உள்வளைந்து நிற்கும். நடுவில் நின்று அண்ணாந்தால் வானம் ஒரு கிணற்று வாயளவுதான் தெரியும். ஞாயிறு என்பதால் வாகனம் இல்லை. நாங்கள் ஒரு பக்கத்தால் போனோம், பெரியம்மா ஆட்கள் மறுபக்கத்தால் வந்தார்கள். இரண்டு சகோதரிகளும் நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். ஒருவர் மற்றவரின் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் மட்டும் வானின் டயர்களைப் பற்றி அவசியத்துக்கு மேல் சத்தமாகக் கதைத்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வெளிச்சம் போகப் போகுது, வாங்கோ, வரிசையா நில்லுங்கோ” என்று மாமா கூப்பிட்டார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரிசை அமைந்தது. ஒரு தொங்கலில் அம்மா, அடுத்து அப்பா, நான், அக்கா, பெரியப்பா, மறு தொங்கலில் பெரியம்மா. மாமா கமராவுக்குள்ளால் பார்த்தார். கமராவை இறக்கினார். திரும்பவும் பார்த்தார்.

“எல்லாரும் இதுக்குள்ளை அடங்கேல்லை” என்றார்.

“கொஞ்சம் பின்னாலை போனால் அடங்கும்தானே மாமா?” என்றேன் நான். அவருக்குப் பின்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது.

மாமாவுக்கு அது கேட்கவில்லை. தோள்பையைத் திறந்து மீன்கண்ணை எடுத்தார்.

“ஐயோ, உந்தச் சனியனோ!” என்றார் அம்மா.

“டேய், ஐயாவுக்கு அனுப்பிற படம். விளையாடாதை” என்று பெரியம்மாவும் அதே நேரம் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

மாமா கமராவை நடுத்தெருவில், கண் வானத்தைப் பார்க்க, நிலத்தில் வைத்தார். அதைச் சுற்றி எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் தோளில் கையைப் போட வேண்டும், குனிந்து கமராவைப் பார்க்க வேண்டும் என்றார். தலைகளெல்லாம் ஒரு வளையமாகவும் நடுவில் வானமும் விழுமாம். வரிசை மெல்ல மெல்ல வளைந்தது. வளைந்து முடிந்தபோது, இரண்டு தொங்கலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில், எனக்கு அப்போது விழுந்திருந்த பல்லின் இடம்போல ஓர் ஓட்டை.

மாமா கமராவில் நேரத்தைத் தட்டிவிட்டு ஓடிவந்து அந்த ஓட்டைக்குள் நின்றார். ஒரு கை பெரியக்காவின் தோளில், மறுகை சின்னக்காவின் தோளில். கமரா கிளிக் என்றது. மாமா குனிந்து எடுத்துப் பார்த்தார்.

“ஆடிப்போச்சு” என்றார்.

திரும்பவும் அதே ஓட்டம், அதே கிளிக். “திரும்பவும் ஆடிப்போச்சு. நான் ஓடிவந்து நிக்கிறதாலைதான் ஆடுது. நான் கீழை படுத்து எடுக்கிறன்.”

யாரும் தடுக்க முதல், மினுக்கிப் போட்டிருந்த வெள்ளைச் சேர்ட்டோடு அந்தக் கல்தெருவில் மல்லாந்து படுத்துவிட்டார். தலை வட்டத்தின் நடுவில் இருந்தது. கால்கள் எனக்கும் அக்காவுக்கும் நடுவால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கமராவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத் திரையை வெளியே மடித்து, நாடியை இறக்கி அதைப் பார்த்தபடி கட்டளை போட்டார்.

“இடைவெளி விழுது. அதுக்குள்ளாலை குப்பைத் தொட்டி தெரியுது. சின்னக்கா, கொஞ்சம் இஞ்சாலை. பெரியக்கா, நீங்களும். இன்னும் தெரியுது. ஐயா குப்பைத் தொட்டியையே பாக்கிறது? இன்னும் கொஞ்சம். கை எங்கை? கை, கை.”

அம்மா கையைத் தூக்கி, சூடான சட்டியைத் தொடுவதுபோல பெரியம்மாவின் தோளில் வைத்தார். கொஞ்சம் பொறுத்துப் பெரியம்மாவின் கையும் வந்தது. மாமா எடுத்தார். “ஆடிப்போச்சு” என்றார். நாங்கள் குனிந்தபடியே நின்றோம்.

அப்போதுதான் அந்த வழியால் வந்த ஓர் இத்தாலிய அம்மா எங்களைக் கண்டார். நடுத்தெருவில் ஒரு பொடியன் மல்லாந்து கிடக்கிறான், சுற்றி நின்று ஆறு பேர் குனிந்து பார்க்கிறார்கள். அவர் கையிலிருந்த பையை நிலத்தில் வைத்துவிட்டு, “மதோன்னா! இவனுக்கு என்ன நடந்தது?” என்று கத்தினார். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போன இரண்டு பேர் நின்றார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்கள். இன்னொருவர் அம்புலன்ஸுக்கு எடுக்கட்டுமா என்று கேட்டார்.

“நோ, நோ, ஃபோத்தோ! ஃபோத்தோ!” என்று பெரியப்பா பதறினார்.

இப்படிக் கிடக்கிறவனைப் படம் பிடிக்கிறீர்களா என்று அந்த அம்மா இன்னும் கோபப்பட்டார். பெரியம்மாதான் நிமிர்ந்து, தன் நல்ல இத்தாலியனில், “இவன் எங்கள் தம்பி, சிஞ்ஞோரா. இவனுக்கு ஒன்றுமில்லை, பிறந்ததில் இருந்தே இப்படித்தான்” என்றார். சொல்லும்போது ‘எங்கள்’ என்று அம்மாவைக் கையால் காட்டினார். அந்த அம்மா குனிந்து மாமாவை உற்றுப் பார்த்தார். மாமா படுத்தபடியே அவரையும் ஒரு படம் எடுத்தார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அம்மா சிரித்துக் குலுங்கியதில் என் முதுகில் கிடந்த அப்பாவின் கையும் குலுங்கியது. பெரியம்மா ஒரு கையால் வாயைப் பொத்தினார். மற்றக் கையை அம்மாவின் தோளில் இருந்து எடுக்கவில்லை.

“சரி, சரி, திரும்பக் குனியுங்கோ” என்றார் மாமா.

குனிந்தபோது அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகினார். பெரியம்மா கமராவைப் பார்த்தபடியே கேட்டார்.

“நோகுதோ?”

“ம். மாரியிலை இருந்து.”

மாமா அடுத்த படத்தை எடுத்தார். ஆடிப்போச்சு என்றார்.

“அந்தப் படிதான்” என்றார் பெரியம்மா. “மார்பிள் படி. நீ முழங்காலிலை நிண்டு துடைக்கிறியோ?”

“சிஞ்ஞோரா அப்பிடித்தான் துடைக்கச் சொல்லுறா.”

“அவ சொல்லுவா. மேல்தட்டு அறைக்குள்ளை, அலுமாரிக்குப் பின்னாலை நீட்டுத் தடி மொப் ஒண்டு கிடக்கு. நான் வாங்கி வைச்சது. அதை எடு. ஏசினால் ஏசட்டும், ரெண்டு நாளையிலை மறந்திடுவா.”

“ம்.”

“வெந்நீரிலை கொஞ்சம் வினாகிரி விடு. கன தரம் தேய்க்கத் தேவையில்லை.”

“எவ்வளவு விடுறது அக்கா?”

“ஒரு மூடி காணும்.”

எனக்குக் கழுத்து நோகத் தொடங்கியிருந்தது. நாங்கள் இங்கே படம் எடுக்க வந்து நிற்கிறோம், இவர்கள் நிலம் துடைப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவாவது கெதியாக முடிப்பார் என்று பார்த்தால், அவரோ, ஒருவரின் முகம் திரும்பிவிட்டது, இன்னொருவரின் கண் மூடிவிட்டது, முகில் வந்துவிட்டது என்று ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு குறை சொன்னார். மொப் முடிந்து, சிஞ்ஞோராவின் மருந்துகளுக்குப் போனார்கள். மருந்து முடிந்து, ஊரில் அம்மப்பா எப்படி நடக்கிறார் என்பதற்குப் போனார்கள். தெருவிளக்குகள் எரிந்தபோதுதான் மாமா எழுந்தார். அவருடைய சேர்ட்டின் முதுகு முழுக்க ஊத்தை. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கமாக அதைத் தட்டிவிட்டார்கள். பலமாகத்தான் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அம்மா நேரே பெரியம்மா வீட்டுக்குச் சாமான் கட்டப் போனார். வீடு வந்தபோது இடியப்ப உரல் ஒன்றும் நாலு சட்டிகளும் கொண்டுவந்தார். என்ன கதைத்தீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, “என்னத்தைக் கதைக்கிறது, கண்ணாடிச் சாமானைப் பேப்பரிலை சுத்தினனாங்கள்” என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் நடக்காததால், கோபம் இன்னும் தீரவில்லை என்றே நினைத்தேன்.

அம்மப்பாவுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மாமா அனுப்பியது கடைசியாக எடுத்த படத்தை. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். “என்னடா தம்பி, நான் கிணத்துக்குள்ளை கிடக்கிற மாதிரியும் எல்லாரும் மேலை நிண்டு எட்டிப் பாக்கிற மாதிரியும் இருக்கு” என்றார். பிறகு, “பிள்ளையள் ரெண்டு பேரும் நல்லாச் சிரிக்கினம், என்ன?” என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் எல்லோரும் துறைமுகத்துக்குப் போனோம். வண்டிகள் கப்பலில் ஏறும் வரிசையில் பெரியப்பா வானோடு நின்றார். அப்பா அவரோடு நின்றார். அம்மாவும் பெரியம்மாவும் கொஞ்சம் எட்டத்தில் ஒரு பெட்டியின் மேல் இருந்தார்கள். நானும் அக்காவும் மாமாவின் கமராவை வாங்கி, நாலு மூலையில் எடுத்த படங்களை முதலில் இருந்து தட்டிப் பார்த்தோம். முதலாவது படத்தில் மாமா இரண்டு அக்காமாருக்கும் நடுவில் நின்றார். கொஞ்சமும் ஆடவில்லை. அவருடைய சேர்ட்டுப் பொத்தான்கள்கூடத் தெளிவாக இருந்தன. அம்மா ஒரு பக்கம் பார்த்தார், பெரியம்மா மறுபக்கம் பார்த்தார், மற்றும்படி குறையொன்றும் இல்லை. இரண்டாவதும் ஆடவில்லை. மூன்றாவதும் ஆடவில்லை.

நான் கமராவைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, முதலாவதே நல்லா வந்திருக்கு!”

அவர் வாங்கிப் பார்த்தார். “ஓம், என்ன” என்றார்.

“அம்மப்பா கேட்டது மூண்டு பேரும் நிண்ட படம். நீங்கள் அனுப்பினதிலை ரெண்டு பேர்தானே நிக்கினம். உங்களைக் காணேல்லை.”

“ஏன், விளிம்பிலை வடிவாப் பார். என்ரை சப்பாத்து ரெண்டும் விழுந்திருக்கு.”

அது ஒரு பதிலா? மல்லாந்து கிடந்து, சேர்ட்டை ஊத்தையாக்கி, எங்கள் எல்லோருடைய கழுத்தையும் நோகவைத்து, கடைசியில் அம்மப்பா கேட்டதைக்கூட ஒழுங்காக அனுப்பாமல் விட்டிருக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது.

“மாமா, உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியேல்லை” என்று சொல்லிவிட்டேன்.

மாமா பெட்டியின் மேல் இருந்த தன் அக்காமாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா எதையோ விரலால் எண்ணி எண்ணிச் சொல்ல, அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“ஓம் பிள்ளை. எனக்கு இன்னும் சரியா வரேல்லை” என்றார் மாமா.

அவர் அப்படி உடனே ஒப்புக்கொண்டது எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவாயில்லை மாமா, பழகப் பழக வந்திடும்” என்றேன்.

மாமா மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார்.